கண்டக்டரம்மாவின் விசில்

டிரைவர் ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. இன்னமும் சமையலறையில் குக்கர் ஒரு விசில் அடித்தால், கூடத்தில் நடந்துகொண்டிருப்பவர் அப்படியே நின்றுவிடுவார். இன்னொன்று அடித்தால்தான் கால் நகரும். மூன்றாவதும் வந்துவிட்டால் என்ன செய்வதென்று தெரியாமல் குக்கரை முறைப்பார்.

எல்லாம் கண்டக்டரம்மா பழக்கியது. முப்பத்தைந்து வருடம் ஒரே பேருந்தில் அவர் முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, அவள் பின்னால் டிக்கெட் கிழித்தாள். ஒரு விசிலுக்கு வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும். அந்தப் பேருந்தில்தான் காதலித்தார்கள், கல்யாணத்துக்குப் பிறகு சண்டை போட்டதும் அதே பேருந்தில்தான். சண்டை நாட்களில் விசில் காதைக் கிழிக்கும். "இன்னிக்கு வீட்ல ஏதோ சரியில்ல போல" என்று பயணிகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள். பிறந்த அன்றே அம்மா வைத்த செல்லப்பெயர் அரை டிக்கெட். இப்போது முப்பத்தொன்பது வயது, காதோரம் நாலைந்து நரை, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. வருகிறவர்களிடமெல்லாம், "வருஷத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துடுங்க, தள்ளிப்போடாதீங்க" என்று வாய் வலிக்கச் சொல்லி அனுப்புவாள். அப்பாவுக்கு அவள் இன்னும் அரை டிக்கெட்தான்.

கண்டக்டரம்மா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. மார்பகப் புற்றுநோய். மூன்று வருடம் முன்பு டிரைவருக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்த அதே வாரம் அவளுக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. இவர் எழுந்து நடக்கட்டும் முதலில் என்று ஏழு மாதம் யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்துவிட்டாள். அந்த ஏழு மாதத்தை டிரைவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஊரையே ஒரு விசில்ல நிறுத்தினவ. தனக்குன்னு ஒரே ஒரு தடவ அடிச்சிருக்கக் கூடாதா?" என்பார். அதற்குமேல் அவளைப் பற்றிப் பேசமாட்டார்.

இந்த நிலையில்தான் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனை ஒரு நடைக்கு ஏற்பாடு செய்தது. ஆறு கிலோமீட்டர். அதில் சேரும் நன்கொடையில், தெருத்தெருவாகப் போய் இலவசமாக மார்பகப் பரிசோதனை செய்யும் வண்டி ஒன்றை ஓட்டப்போகிறார்கள். அரை டிக்கெட் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். கடைக்கு வந்தவர்கள், அக்கம்பக்கத்தார் என்று நாற்பது பேரைச் சேர்த்துவிட்டாள். சொந்த அப்பா மட்டும் மசியவில்லை.

"யாருக்காக நடக்கணும்? சொல்லாமப் போனவளுக்காகவா?" என்றார்.

ஒருநாள் மாலை அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டீஸ்களை மடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒன்றை எடுத்து, மகள் மாட்டிவிட்ட கண்ணாடி வழியே எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார்.

"தாய்க்கு இருந்தால் மகள் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்னு போட்டிருக்கே. நீ பாத்தாச்சா?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. மூன்று தடவை தேதி வாங்கி மூன்று தடவையும் தள்ளிப்போட்டிருந்தாள். ஒரு தடவை கடையில் ஆளில்லை, ஒரு தடவை தலைவலி, ஒரு தடவை காரணம்கூடக் கிடைக்கவில்லை. உண்மையில் பயம். அம்மாவின் கடைசி மாதங்களைப் பக்கத்திலிருந்து பார்த்த பயம்.

"பாக்கலாம்பா. இந்த நடை முடியட்டும் முதல்ல."

டிரைவர் நோட்டீஸைக் கீழே வைத்தார். மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, நானும் வர்றேன்" என்றார்.

ஒருவழியாக மனுஷன் வழிக்கு வந்துவிட்டார் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஏன் வந்தார் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

நடையன்று காலை அறுநூறு பேர் ரோஸ் நிறச் சட்டையில் நின்றார்கள். "இந்தக் கலர்ல நான் ஜட்டிகூடப் போட்டதில்ல" என்று முணுமுணுத்தபடி டிரைவரும் போட்டுக்கொண்டார். எல்லோர் முதுகிலும் ஓர் அட்டை குத்தியிருந்தது. 'நான் நடப்பது' என்று அச்சடித்து, கீழே இடம் விட்டிருந்தார்கள். அரை டிக்கெட் தன் அட்டையில் 'அம்மாவுக்காக' என்று எழுதியிருந்தாள். அப்பாவின் அட்டை வெறுமையாக இருந்தது. பேனாவை நீட்டினாள், அவர் வேறு பக்கம் பார்த்தார். அவளும் வற்புறுத்தவில்லை.

ஏற்பாட்டாளர் ஒருவர் மேடையேறி நீளமாக ஒரு விசில் அடித்தார். அறுநூறு பேரும் கிளம்பினார்கள். டிரைவர் மட்டும் நட்ட கல்லாக நின்றார். பின்னால் வந்த நாலு பேர் அவர்மேல் மோதினார்கள்.

"அப்பா, கிளம்புங்க!"

"ஒரு விசில்தானே அடிச்சான்?"

"அவருக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. வாங்க."

"தெரியாதவன் கையில எதுக்கு விசில்?" என்று திட்டிக்கொண்டே நடந்தார். முட்டி நன்றாகத்தான் இருந்தது. மகளைவிட நாலடி முன்னால் போனார், பேருந்து நிறுத்தம் வரும்போதெல்லாம் தன்னையறியாமல் ஓரம் ஒதுங்கினார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாவது கிலோமீட்டரில் அந்தப் புது வண்டி நின்றது. நடந்து வந்தவர்களில் சிலர் பரிசோதனைக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அரை டிக்கெட் தான் அழைத்து வந்தவர்களில் ஆறு பேரை நர்ஸிடம் ஒப்படைத்தாள். "பயப்படாதீங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று அவர்களுக்குத் தைரியமும் சொன்னாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடையைக் கட்டினாள்.

பின்னாலிருந்து ஒரு விசில்.

சுருக்கமாக, கடைசியில் கொஞ்சம் பிசிறு தட்டி. பித்தளை விசில். வருடக்கணக்காகக் கேட்காத சத்தம். அவள் யோசிக்கும் முன்பே கால் நின்றுவிட்டது. திரும்பினாள். வண்டிக்குப் பக்கத்தில் டிரைவர், வாயில் அம்மாவின் விசில், முகமெல்லாம் சிவந்து.

"என்னப்பா இது, நடுரோட்டுல?"

"ஒரு விசில் அடிச்சா என்ன செய்யணும்?"

"நிக்கணும்."

"நின்னாச்சில்ல? இறங்கு. உன் ஸ்டாப் வந்துடுச்சு."

"இந்த நடை முடியட்டும்பா முதல்ல..."

"முதல்ல, முதல்ல! உங்கம்மாவும் இதத்தானே சொன்னா? உங்க முட்டி முதல்ல சரியாகட்டும்னா. சரியாயிடுச்சு. ஜம்முனு நடக்குது. யார்கூட நடக்கச் சொல்ற?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரை டிக்கெட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பயமா இருக்குப்பா."

"எனக்கு மட்டும் இல்லையா? ராத்திரி பகலா அதே நெனப்புதான். நீ போய்ட்டு வா. வண்டி நிக்கும். ஆள விட்டுட்டு என்னிக்காவது கிளம்பியிருக்கேனா?"

"ஒரு தடவ என்னையே பள்ளிக்கூட வாசல்ல விட்டுட்டுப் போயிருக்கீங்க."

"அது உங்கம்மா பாக்காம ரெண்டு விசில் அடிச்சிட்டா. நான் என்ன பண்றது?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே வண்டிப் படியில் ஏறினாள். நின்று யோசித்தால் ஏறமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே எக்ஸ்ரே எந்திரத்தின் தகடு ஜில்லென்று இருந்தது. அழுத்தியபோது வலித்தது. "மூச்சப் பிடிச்சுக்கோங்க... விடுங்க" என்றாள் பரிசோதிக்கும் பெண். மூன்று தடவை தள்ளிப்போட்டது கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

வெளியே வந்தபோது ஊர்வலம் போன சுவடே இல்லை. டிரைவர் மட்டும் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"உக்காருங்கன்னா கேக்கவே மாட்டேங்கறார்" என்று நர்ஸ் புகார் சொன்னாள்.

"ரிசல்ட் வியாழக்கிழமை தெரியுமாம்பா."

"வியாழக்கிழமை நானும் வர்றேன். எதுவா இருந்தாலும் சேர்ந்தே கேப்போம்." பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். "பேனா வச்சிருக்கியா?"

"என்ன எழுதணும்?"

"கண்டக்டரம்மாவுக்காகன்னு எழுது. பெருசா எழுது, பின்னாடி வர்றவனுக்குத் தெரியட்டும்."

"பின்னாடி யாரும் இல்லப்பா. எல்லாரும் போய்ட்டாங்க."

"நீ வர்றியே."

அந்த ரோஸ் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எழுதினாள். அடியிலிருந்த முதுகு குலுங்கியது. எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது.

"முடிஞ்சுது. வாங்க போகலாம்."

அவர் அசையவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினார். உள்ளங்கையில் விசில்.

"டிரைவர் விசில் அடிக்கக் கூடாது. ஒரு தடவ அடிச்சதுக்கே உங்கம்மா என்னைச் சும்மா விடமாட்டா."

அரை டிக்கெட் அதை வாங்கி வாயில் வைத்தாள். முதல் விசில் வெறும் காற்றாகப் போனது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். ஒன்று. இரண்டு.

டிரைவர் வலப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.