சிவப்புத் தட்டு

லூட்டோல்ட் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் ஓட்டும் பல்சக்கர மலை ரயிலுக்குப் புதிதாக வந்த மேலாளர். மலைக்கும் அவனுக்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது.

மேய்ச்சல் மேட்டு நிறுத்தத்தில் ஒரு சிவப்புத் தட்டு உண்டு. வண்டி வேண்டுமென்றால் அதைத் தண்டவாளத்தைப் பார்க்கத் திருப்பிவைப்பார்கள். தட்டு தெரிந்தால் நிறுத்த வேண்டும். என் அப்பா ஓட்டிய காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு வாளிப் பாலுக்குக்கூட நின்றிருக்கிறோம்.

இவன் வந்து உத்தரவு போட்டான்: மூன்று மணிக்கு இறங்கும் வண்டி அங்கே நிற்கக் கூடாது. சுற்றுலாக்காரர்கள் கீழே ஏரிப் படகைப் பிடிக்கணுமாம். பல்சக்கரத்தில் இறங்கும்போது தவறவிட்ட ஒரு நிமிடத்தைக்கூட மீட்க முடியாது. வேகம் கூட்டினால் பிரேக் கொதித்துவிடும். அது ஒன்று மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவனே என் பக்கத்தில் ஏறி நின்றுகொண்டான். வளைவு திரும்பியதும் தட்டு தெரிந்தது. அதனடியில் அன்னெலீஸ், அங்கே பாலாடைக்கட்டி செய்கிறவள். மாதா கோயிலுக்குப் போடும் ஷூ, கையில் துணிப்பை. அவள் அம்மாவுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பது மலைக்கே தெரியும்.

"சார், அவ அம்மா சாகக் கிடக்குறாங்க. ரெண்டே நிமிஷம்."

"நூத்தியிருபது பேருக்குப் படகு போயிடும்யா. ஓட்டு."

"அடுத்த வண்டி ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் சார்!"

"ஓட்டுறியா, இல்ல வேற வேலை பாத்துக்கிறியா?"

ஓட்டினேன். விருட்டென்று கடந்து போகிற வண்டியாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வண்டி இறங்குவது ஆள் ஓடும் வேகத்தில். பையைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலோடு கூடவே ஓடிவந்தாள்.

"பால்ட்ஸ் அண்ணே! தட்டு போட்டிருக்கேனே! அண்ணே!"

நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ அவளைப் படம் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கீழே போனால் படகே வரவில்லை. அந்த நூற்றிருபது பேரும் முக்கால் மணி நேரம் கரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அன்னெலீஸ் அடுத்த வண்டியில் வந்து சேர்வதற்குள் அம்மா போய்விட்டாள். கடைசிவரை கதவையே பார்த்தாளாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் மூன்று மணி வண்டியை மேட்டில் நிறுத்தினேன். எவன் என்ன செய்துவிடுவான், பார்க்கலாம் என்று. அன்னெலீஸ் வந்தாள். கழற்றிய தட்டை என் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோங்க. இதைப் பாத்து இங்க யாரும் நிக்கிறதில்ல."

அண்ணே என்று கூப்பிடவில்லை.

அதை அப்படியே கொண்டுபோய் லூட்டோல்டின் மேஜைமேல் விட்டெறிந்தேன். கண்ணாடி டம்ளர் உடைந்தது. "மனுஷனாய்யா நீ? ஒரு பொம்பள பின்னாலயே ஓடிவந்தா, பாத்துட்டுத்தானே நின்ன?"

அவன் கோபப்படவே இல்லை. டம்ளர் சில்லுகளைத் துணியால் ஒதுக்கினான்.

"நான் வெறும் வாயால சொன்னேன், பால்ட்ஸ்," என்றான். "பிரேக் உன் கையிலதானே இருந்துச்சு."

அந்தப் பாவி சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.