புது கேஸ்கெட் வாசனை

ஆறு பாட்டில்களையும் ஐஸ் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டு, ஜில்லு தன் சாமர்த்தியத்தைத் தானே ஒரு நிமிடம் நின்று ரசித்தான். அந்த ஒரு நிமிடத்தில்தான் முதல் லேபிள் மேலே மிதந்து வந்தது.

அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பதினான்கு வருடத் தொழிலில் அவனுக்கு வேதம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: பெட்டியைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் பொருள் சூடாகக் கூடாது. மீனோ மருந்தோ, தொட்டியில் ஐஸைக் கொட்டு, பொருளைப் போடு, அப்புறம் ஸ்குரூ டிரைவரைத் தொடு. மீனுக்கு லேபிள் கிடையாது என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டாவது லேபிள் வந்தது. மூன்றாவது அவன் கையைப் பிடிக்கப் பார்த்ததுபோல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சத்தைக் காப்பாற்றலாமென்று அவசரமாகக் கையை விட்டுத் துழாவியதில் மிச்சமும் கழன்றன. ஆறும் ஒரே திராட்சைத் தோட்டத்து ஒயின். ஒரே கரும்பச்சை பாட்டில், ஒரே கறுப்புத் தொப்பி. ஒரே பீஸ் துணியில் ஆறு பிள்ளைகளுக்கும் சட்டை தைத்துப் போட்ட மாதிரி வரிசையாகக் கிடந்தன. எது எவன் என்று பெற்றவளே சொல்ல முடியாது.

மணி ஒன்பதரை. ஒரு மணிக்கு விருந்து. எட்டு விருந்தாளிகள், ஆறு பதார்த்தங்கள், ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக ஒரு ஒயின்.

அந்தப் பொருத்தத்தைப் பார்ப்பவள்தான் மூக்கு மேடம். ஜாதகம் பார்ப்பவரைப்போல எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு ஒத்துவரும் என்று சொல்வது அந்த உணவகத்தில் அவள் வேலை. பெயரைச் சமையல்கட்டு வைத்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம், இன்னும் தற்காலிகம்தான். இன்றைய விருந்து நன்றாக நடந்தால் நிரந்தரம் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். நடக்காவிட்டால் அவள் தன் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். ரயிலில் பத்து மணி நேரம் என்று ஜில்லு விசாரித்து வைத்திருந்தான். ஏன் விசாரித்தான் என்று யாராவது கேட்டிருந்தால் தண்ணீர் குடிக்கப் போயிருப்பான்.

அவனும் சும்மா வந்து போகிறவன் இல்லை. ஒயின் வைக்கும் அந்தச் சின்னக் குளிர்பெட்டி ஒரு மாதத்தில் மூன்று தடவை நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் மூக்கு மேடம்தான் போன் செய்வாள். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு அலறியடித்து ஓடி வந்தால், பெட்டி நல்ல பிள்ளையாக உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே கை வைத்தால் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆக, நின்றது நிஜம். ஏன் நின்றது?

"நிக்கறதுக்கு முன்னாடி என்ன ஆச்சு மேடம்?" என்று கேட்பான்.

"முதல்ல ஒரு மௌனம்," என்பாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு. "அப்புறம் ஆழமா, நிதானமா ஒரு இருட்டு. கடைசியில லேசான வருத்தம்."

அவள் எதையும் இப்படித்தான் சொல்வாள். 'டீ எப்படி இருக்கு' என்றால், 'தொடக்கம் நல்லா இருக்கு, நடுவுல கொஞ்சம் பயந்துடுச்சு' என்பாள். போன வாரம் அவன் தைரியத்தையெல்லாம் திரட்டி, "ஒருநாள் வெளியில சாப்பிடப் போகலாமா?" என்று கேட்டதற்கு, "இன்னும் கொஞ்சம் காத்துப் படணும்," என்று, திறந்து வைத்த ஒயினைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். அதை அவன் வீட்டில் அக்காவிடம் போய்ச் சொன்னான். "அது ஆமாவாடா இல்லையாடா?" என்று அக்கா கேட்டாள். இரண்டு பேரும் ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை யோசித்தார்கள்.

"இன்னிக்குள்ள கோளாறு என்னன்னு தெரியலன்னா பெட்டியையும் மாத்திடறேன், மெக்கானிக்கையும் மாத்திடறேன்," என்று முதலாளியம்மா நேற்று கறாராகச் சொல்லிவிட்டார். அதனால்தான் இன்று பெட்டியை மொத்தமாகக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று வந்தான். பாட்டில்களை வெளியே எடுத்ததோடு சரி. பெட்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

மூக்கு மேடம் உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தாள்.

"சிவப்பு ஒயினையும் ஐஸ்ல போட்டிருக்கீங்க."

"குளிர்ச்சி முக்கியம் மேடம்."

"லேபிள்?"

"அதுவும் குளிர்ச்சியாத்தான் இருக்கு," என்று ஈரமான ஆறு காகிதங்களை நீட்டினான்.

அவள் மாவு டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சமையல் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "டேய் ஜில்லு, நீ கை வச்ச எதுடா உருப்பட்டிருக்கு?"

"எல்லாம் இன்னிக்குத் திறக்கப்போற பாட்டில்தானே அண்ணே. மேடம் மோந்து பாத்து இது இன்னதுன்னு சொல்லிட்டா லேபிளை ஒட்டிடலாம். அவங்களுக்கா தெரியாது?"

"மூக்கு அடைச்சிருக்கு," என்றாள் அவள்.

அப்போதுதான் அவள் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதை அவன் கவனித்தான்.

"ரெண்டு நாளா சளி. முதலாளியம்மாகிட்ட சொல்லல. லேபிளைப் பாத்து மனப்பாடமா பேசிச் சமாளிச்சிடலாம்னு இருந்தேன். அந்த லேபிளைத்தான் நீங்க குளிப்பாட்டிட்டீங்க."

பத்து மணி நேர ரயில் ஜில்லுவின் கண்முன்னே கிளம்பியது.

"எனக்கு மூக்கு இருக்கு மேடம்," என்றான்.

"எல்லாருக்கும்தான் இருக்கு," என்றார் மாஸ்டர்.

ஆனால் அவன் சொன்னது வேறு. பதினான்கு வருடமாக ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜ்களுக்குள் தலையை விட்டவன் அவன். கதவைத் திறந்த மாத்திரத்தில், எந்தத் தட்டின் பின்னால் பாதி எலுமிச்சம்பழம் உயிரை விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவான். வீட்டுக்காரம்மா கோபித்துக்கொண்டு போய் எத்தனை நாளாகிறது என்றுகூடச் சொல்வான். சொல்லி இரண்டு வீடுகளில் வாடிக்கையை இழந்திருக்கிறான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நாக்கு எனக்கு வேலை செய்யுது. புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு நான் பாத்துக்கறேன். வாசனை நீங்க சொல்லுங்க. ஆனா ஒண்ணு, அழகா எல்லாம் சொல்லாதீங்க. என்ன வருதோ அதை அப்படியே சொல்லுங்க."

முதல் பாட்டில் வெள்ளை. அவன் கிளாஸுக்குள் மூக்கை நுழைத்தான். "காய்கறி டிராயர் மேடம். குடைமிளகாயைப் பாதி நறுக்கிட்டு மீதியை மூடாம வச்சிருப்பாங்களே, அந்த டிராயர்."

அவள் ஒரு வாய் குடித்தாள். புளிப்பில் ஒரு கண் தானாக மூடியது. இன்னொரு கண் பளிச்சென்றது. "சாவிஞான் பிளாங்க்! ஆட்டுப்பால் சீஸோட போறது."

"புளிப்போட புளிப்பு சேந்தா சண்டை வராதா?"

"சீஸ் புளிப்புக்கு முன்னாடி ஒயினோட புளிப்பு வாலைச் சுருட்டிக்கும். சாப்பிட்டுப் பாருங்க."

சாப்பிட்டான். நிஜம்தான். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னும் இரண்டு துண்டு சாப்பிட்டான்.

இரண்டாவதை மோந்ததும் கிளாஸைத் தள்ளி வைத்தான். "மண்ணெண்ணெய்! யாரோ கலப்படம் பண்ணிட்டாங்க மேடம்."

அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள். "ரீஸ்லிங். கொஞ்சம் வயசானா அந்த வாசனை வரும். அது அதோட கௌரவம்."

"மண்ணெண்ணெய் வாசனை கௌரவமா? அப்ப என் சட்டையை மோந்து பாத்தா எழுந்து நிப்பீங்களே."

அது பொரித்த மீனுக்கு என்று முடிவானது. எண்ணெய்ப் பிசுக்கை அந்தப் புளிப்பு துடைத்துவிடுமாம். மூன்றாவதற்கு மூக்கே தேவைப்படவில்லை. தேனாக இனித்தது. அதனோடு போகும் சீஸ் எங்கே என்று அவள் மேசையில் தேடினாள்.

"பச்சையா பூஞ்சை பூத்துக் கிடந்துச்சே, அதா? குப்பையில போட்டுட்டேன் மேடம்," என்றான் ஜில்லு. கெட்டுப்போனதைப் பார்த்தால் அவன் கை கேட்காது.

மாஸ்டர் குப்பைத் தொட்டியை நோக்கிப் பாய்ந்த வேகத்தில் இரண்டு கரண்டிகள் விழுந்தன. "நாலு மாசம் பாத்துப் பாத்து வளத்த பூஞ்சைடா அது!" நல்லவேளை, சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதம் பிரிக்கப்படவில்லை. உப்பான அந்தச் சீஸையும் இனிப்பான அந்த ஒயினையும் சேர்த்து வாயில் போட்டுப் பார்த்த ஜில்லு, தன் வாழ்நாளில் எத்தனை வீடுகளில் எவ்வளவு நல்ல பொருளை வீசியெறிந்திருப்போம் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.

மிச்சம் மூன்றும் சிவப்பு. மோந்தான். ஒன்றும் வரவில்லை. இன்னும் ஆழமாக மோந்தான். மூக்கு நுனிதான் நனைந்தது.

"உங்க சளி எனக்கு ஒட்டிக்கிச்சு மேடம்."

"சளி இல்ல, உங்க ஐஸு. சிவப்பு ரொம்பக் குளிர்ந்தா வாசனை போர்வையை இழுத்துப் போத்திக்கும். துவர்ப்பு மட்டும் வெளியில நின்னு முறைக்கும். லேசா சூடு ஏறணும். அடுப்புச் சூடு கூடாது."

லேசான சூடு எங்கே கிடைக்கும் என்று ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் பெட்டி முதுகு வழியாகத்தானே வெளியே தள்ளும்? மூன்று கிளாஸ்களையும் பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். ஈர லேபிள்களையும் அங்கேயே உலரப் போட்டான். அப்போது அவன் கண்ணில் ஒன்று பட்டது. பெட்டியின் முதுகெல்லாம் கம்பளிபோலத் தூசி. சுவரில் தூசி. ஒரு சிலந்தி குடும்பத்தோடு இருந்தது. பிளக்கில் மட்டும் தூசி இல்லை. யாரோ தினம் துடைத்து வைத்த மாதிரி பளபளத்தது. ஓடுகிற பெட்டியின் பிளக்கை எந்த மெக்கானிக் பார்ப்பான்? அவனும் இதுவரை பார்த்ததில்லை.

யோசிக்க நேரமில்லை. கால் மணி நேரத்தில் கிளாஸ்கள் வாய் திறந்தன.

"மழை விட்ட தோட்டம் மேடம். காளான் டப்பாவும் இருக்கு."

"பினோ நுவார். காளான் வறுவலுக்கு. அடுத்தது?"

"பென்சில் சீவற டப்பா."

அவள் குடித்தாள். "வாயைப் பிடிச்சு இழுக்குது, பால் ஊத்தாத ஸ்ட்ராங் டீ மாதிரி. கேபர்னே. இப்ப கொழுப்போட ஒரு துண்டு இறைச்சியைத் தின்னுட்டுக் குடிங்க."

குடித்த ஜில்லு கண்ணை விரித்தான். "முன்னாடி கறாரான வாத்தியார். இறைச்சிக்கு அப்புறம் அதே வாத்தியார், ரிடையர் ஆனபின்னாடி."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வையின் தொடக்கம், நடு, முடிவு எதுவும் அவனுக்குப் புரியவில்லை.

கடைசிக் கிளாஸ். "மிளகு... அப்புறம் புது கேஸ்கெட்."

"கேஸ்கெட்டுன்னா?" என்றார் மாஸ்டர்.

"ஃப்ரிட்ஜ் கதவோரத்துல ஒட்டியிருக்குமே அண்ணே, அந்த ரப்பர்."

"ஷிராஸ்!" என்று அவள் கைதட்டினாள். "மிளகு போட்டுச் சுட்ட இறைச்சிக்கு!"

மைதாப் பசை காய்ச்சி லேபிள்களை ஒட்டினார்கள். ஒன்றை ஜில்லு தலைகீழாக ஒட்டினான். பேசும்போது அவள் மறந்துவிடாமல் இருக்க, தான் சொன்ன வாசனைகளைத் தன்னுடைய சர்வீஸ் கார்டுகளின் பின்பக்கத்தில் குறித்துக் கொடுத்தான். அதை அழகான பேச்சாக மாற்றிக்கொள்ள அவளுக்கு நேரம் இருக்கும் என்று நினைத்தான்.

நேரம் இல்லை. விருந்தாளிகள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

ஜில்லு சமையல்கட்டு வாசலோரம் இருந்த பெட்டிக்குப் பின்னால் பதுங்கி, சிலந்திக் குடும்பத்தோடு தோளுரசி நின்று பார்த்தான். மேசைத் தலைமாட்டில் முதலாளியம்மா. பக்கத்தில் குறுந்தாடி வைத்த ஒருவர். கிளாஸைச் சுழற்றும் விதத்திலேயே விஷயம் தெரிந்தவர் என்று தெரிந்தது. மூக்கு மேடம் முதல் மூன்றையும் தட்டுத்தடுமாறி அழகாகப் பேசி ஒப்பேற்றினாள். நான்காவது ஷிராஸ் வந்தபோது அவளுக்குத் தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில் படித்துவைத்ததெல்லாம் பறந்துபோய், கார்டில் இருந்ததை அப்படியே வாசித்துவிட்டாள்.

"இதுல... மிளகு. அப்புறம் புது கேஸ்கெட்."

தூக்கிய கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன. ஜில்லு கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

குறுந்தாடிக்காரர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். நீண்ட நேரம் மோந்தார். "ஆமாம்," என்றார் மெதுவாக. "கேஸ்கெட்டேதான்."

"ரெண்டு கதவு ஃப்ரிட்ஜோடது," என்றார் எதிரில் இருந்த அம்மாள்.

"இல்லம்மா, இது ஒத்தைக் கதவு. நல்லா மோந்து பாருங்க."

அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. கேபர்னேயைப் பார்த்து ஒருவர் ஜாமெட்ரி பாக்ஸ் என்றார். 'ரிடையரான வாத்தியார்' என்று மூக்கு மேடம் வாசித்ததும், ஒரு பெரியவர் தானே அப்படியொருவர்தான் என்று சொல்லி எல்லோருடைய கையையும் குலுக்கினார். தலைகீழ் லேபிளைக் கழுத்தைச் சாய்த்துப் படித்த குறுந்தாடிக்காரர், இப்படி வைத்தால்தான் ஒயினை மரியாதையாகக் குனிந்து பார்க்கத் தோன்றுகிறது என்று பாராட்டினார்.

எல்லோரும் போனபின் முதலாளியம்மா மூக்கு மேடத்தின் தோளில் தட்டினார். "இத்தனை வருஷத்துல இப்படி வாய் ஓயாம பேசிச் சாப்பிட்ட கூட்டத்தை நான் பாத்ததில்ல. நாளையிலேர்ந்து நீ நிரந்தரம். மூக்கைச் சிந்திட்டு வந்து கையெழுத்துப் போடு. எனக்கென்ன தெரியாதா?" பிறகு பெட்டிப் பக்கம் திரும்பினார். "தம்பி, வெளிய வாங்க. கோளாறு என்னன்னு தெரிஞ்சுதா?"

"இன்னும் அஞ்சு நிமிஷம் மேடம்," என்றான் ஜில்லு, தலையில் சிலந்தி வலையோடு.

முதலாளியம்மா போனதும் அவன் மூக்கு மேடத்தின் எதிரில் போய் நின்றான். நிரந்தரமாகிவிட்டாள், ரயில் இல்லை. பெட்டிக் கோளாறு தெரியாவிட்டால் இனி இங்கே வராமல் போகப்போவது அவன்தான்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. சுத்தி வளைக்காம சொல்லணும். பெட்டி பூரா தூசி. பிளக்குல மட்டும் தூசியே இல்ல. மூணு தடவை எப்படி நின்னுச்சு?"

அவள் மிச்சமிருந்த கிளாஸ் ஒன்றை எடுத்தாள். பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் வராது என்று ஞாபகம் வந்து கீழே வைத்தாள்.

"முதல்ல ஒரு மௌனம்..." என்று ஆரம்பித்தாள்.

அவன் காத்திருந்தான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்," என்றாள். "மூணு தடவையும். நீங்க வரணும்னு."