பிரிண்டரின் கழுத்தளவு

கடைக்காரர் மூன்று பிரிண்டர்களை மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை பக்கம், எத்தனை கலர், ஃபோனிலிருந்தே எப்படி அடிக்கலாம் என்று ஒப்பித்துக்கொண்டே போனார். முப்பது வருஷமாகத் தையற்கடை நடத்துகிறவள் நான். துணியின் பளபளப்பை முதலில் பேசுகிற வியாபாரியிடம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. டிஸ்க் மேலயே படம் அடிக்கிறப்ப, நடு ஓட்டைக்கு எவ்வளவு கிட்ட வரைக்கும் அடிக்கும்? கழுத்தளவு சொல்லுங்க."

"கழுத்தா?"

"இவங்க தையல்காரங்க," என்றார் என் வீட்டுக்காரர், அவருக்கு ஆறுதல் சொல்வதுபோல.

விஷயம் இதுதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் என் மூத்த மகளுக்குக் கல்யாணம். வீடியோவை டிஸ்க்கில் ஏற்றி, குடும்பப் படத்தை வட்ட ஸ்டிக்கரில் அடித்து, என் கையாலேயே ஒட்டி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தேன். படத்தில் நட்டநடுவில் என் தங்கை. வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். உருவத்துக்கும் பொருந்தும், பொரிகிற குணத்துக்கும் பொருந்தும். பாசத்தில்தான் அவளை நடுவில் இழுத்து நிறுத்தினேன். டிஸ்க்குக்கு நடுவில் ஓட்டை இருக்கும் என்பது அப்போது மூளைக்கு எட்டவில்லை. இருபத்தைந்து டிஸ்க்கிலும் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம், அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை.

ஒட்டும்போது கண்ணில் படவில்லையா என்று கேட்பீர்கள். பத்தாவது டிஸ்க்கில் பட்டது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று மிச்சத்தையும் ஒட்டிவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் "தெரியாம நடந்துபோச்சு" என்றேன். என் வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னேன்.

கடுகு சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். சண்டையில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. அவள் சண்டை போடவில்லை, எனக்கு 'நீங்க' போட ஆரம்பித்தாள். "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" பிறந்ததிலிருந்து வா, போ என்று பேசியவள், மருந்துக்கடையில் தன்னிடம் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரலில் என்னிடமும் பேசினாள். 'அக்கா' என்ற சொல்லையே விட்டுவிட்டாள். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் நான்கு வருஷம் வெந்துபோனேன்.

போன மாதம் சின்ன மகளுக்குக் கல்யாணம். கடுகு வந்தாள், விருந்தாளி மாதிரி. படம் எடுக்கும்போது கல்யாணப் பெண்ணே சித்தியின் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் படத்தைத்தான் இந்தத் தடவை டிஸ்க்கில் அடிக்கப்போகிறேன். ஸ்டிக்கர் சங்காத்தமே வேண்டாம். போன தடவை ஒட்டியது என் கொழுந்தன் வீட்டு பிளேயருக்குள் உரிந்து, டிஸ்க்கை வெளியே எடுக்க மெக்கானிக் வர வேண்டியதாயிற்று.

முதல் பிரிண்டர் நாலரை சென்டிமீட்டர் வட்டத்துக்கு வெளியேதான் அடிக்குமாம். அந்த அளவுக்கு ஒரு காகிதத்தை வட்டமாக வெட்டி, கொண்டுபோயிருந்த படத்தின்மேல் வைத்தேன்.

"பக்கத்துல நிக்கிறவளோட பாதி மூஞ்சி போயிடுது. வேணாம்."

இரண்டாவது ஓட்டைக்குக் கிட்ட அடிக்கும், ஆனால் டிஸ்க்கை வைத்து உள்ளே தள்ளுகிற தட்டு தனியாக வர வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது. மூன்றாவது போன வருஷத்து மாடல், பார்வைக்கு வைத்திருந்தது. கழுத்து இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தட்டைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று பெட்டியைத் திறக்கச் சொன்னேன். இருந்தது. ஓட்டைவரை வெள்ளையாக இருக்கும் டிஸ்க் ஒன்றை வாங்கி அதில் அடிக்கச் சொல்லி, ஐந்து நிமிஷம் காயவிட்டு, கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தேன். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சாயம் போகவில்லை.

"இதைக் கட்டுங்க."

வீட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "எதுக்கு இவ்வளவு பாடு? படத்தை மேல தூக்கி, ஓட்டையை யாரோட வயித்துலயாவது வெச்சுட்டாப் போச்சு."

"அப்ப 'போன தடவையும் அப்படி வெச்சிருக்கலாமே'ன்னு கேப்பா."



ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு டிஸ்க் வீணாகி, ஐந்தாவது சரியாக வந்தது. காயவைத்து, உறையில் போட்டு, சாயங்காலமே கடுகு வீட்டுக்குக் கிளம்பினேன்.

"வாங்க," என்றாள்.

டிஸ்க்கை நீட்டினேன். மருந்துக்கடைக்காரி எதையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, தன் முகத்தில் நின்றாள். காதோரத்து முடிகூடத் தப்பாமல் முழுசாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் பச்சைப் புடவை, என் தோள். கழுத்துக்கு மேலே ஓட்டை.

"உங்க மூஞ்சி எங்க?"

"ஓட்டையில."

சிரித்துவிடுவாள் என்று திடமாக நம்பித்தான் வந்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வேணும்னே வெச்சீங்களா?"

"ஆமா."

"அப்ப அந்தப் பழைய டிஸ்க்கு? ஒட்டும்போது பாத்தீங்களா, பாக்கலையா?"

'தெரியாம நடந்துபோச்சு' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான்கு வருஷம் சொல்லிப் பழகிய பதில். எப்படியோ விழுங்கினேன்.

"பாத்தேன். பத்தாவது டிஸ்க்குலயே பாத்தேன். திரும்ப அடிக்கச் சோம்பல். யாரு பாக்கப் போறான்னு ஒட்டிட்டேன். தப்பு என்னோடதுதான்டி."

அவள் டிஸ்க்கை உறைக்குள் போட்டாள். அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ பாத்திருப்பன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். ஒரு தையல் விலகினாலும் பிரிச்சுத் தைக்கிறவ, உன் கண்ணுல படாமயா இருக்கும்? ஓட்டையை நான் எப்பவோ விட்டுட்டேன். நீ எங்கிட்டப் பொய் சொன்னதுதான் ஆறவே இல்ல அக்கா."