அவர் திரும்பும் வரை

அப்பாவின் இடது கன்னத்தில் நுரையைத் தடவிவிட்டு மகள் சவரக்கத்தியை மெல்ல இறக்கினாள். உயிர் போன தோல் ஒத்துழைக்கவில்லை. விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. வலது கன்னம் மழமழவென்று இருந்தது. அதை அவரே நேற்றுக் காலை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து சிரைத்துக்கொண்டார். மூக்கின் நடுவில் யாரோ கோடு கிழித்ததுபோல, அதற்கு அந்தப் பக்கம் நரைமுடி அப்படியே நின்றது.

முன்னறையில் அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா பெரியவளைத்தான் கேட்டாரு. அவ மருந்து வாங்கப் போயிருந்தா. வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"அடடா, பாவம். பக்கத்துல இருக்கக் குடுத்துவைக்கலையே," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கத்தி நின்றது. மகள் மருந்து வாங்கப் போகவில்லை. அவர் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கட்டிலை ஒட்டித்தான் நின்றிருந்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அப்பா வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஒருநாள் மூளையின் வலது பாதியில் ரத்தம் அடைத்துக்கொண்டது. பிழைத்துவிட்டார். ஆனால் உலகத்தில் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மனம் கைவிட்டுவிட்டது. கண்ணில் பழுதில்லை, காதிலும் பழுதில்லை. தட்டின் வலது பாதி காலியானதும், "இன்னைக்கு இவ்வளவுதானா?" என்று கேட்பார். அம்மா தட்டைத் திருப்பி வைப்பாள். "கேட்டாத்தான் போடுவியா?" என்று மீதியைச் சாப்பிடுவார்.

மகளுக்கு வேலையே இதுதான். மனிதமனம் எப்படிப் பார்க்கிறது, எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று ஆராய்கிற கூடத்தில் இருக்கிறாள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அப்பா அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். "எங்க வீட்டு டாக்டர்கிட்ட ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, கேள்விதான்" என்று கூட வேலை செய்தவர்களிடம் பெருமையாகக் குறைசொல்வார்.

நோயில் விழுந்தபின் ஒருநாள் அவள் கேட்டாள்.

"அப்பா, கண்ணை மூடிக்கோ. டெப்போலேருந்து வண்டியை எடுத்துட்டுக் கடைத்தெருவுக்குள்ள நுழையுற. என்னென்ன கடை வருது?"

மருந்துக்கடை, பாத்திரக்கடை, தையல்கடை என்று அடுக்கினார். எல்லாம் வலது பக்கத்துக் கடைகள்.

"சரி, இப்ப எதிர்ப்பக்கத்துலேருந்து திரும்பி வர்ற."

உடனே பூட்டுக்கடை முதலாக மறுபக்கத்துக் கடைகள் வந்தன. சற்றுமுன் சொன்ன மருந்துக்கடையும் தையல்கடையும் போன இடம் தெரியவில்லை. நினைவில் இருந்த தெருவும் பாதியாகத்தான் வந்தது. இப்படி நடக்கும் என்று அவள் படித்திருந்தாள். நேரில் பார்த்தது அன்றுதான். சந்தோஷத்தில் முகம் பொங்கிவிட்டது. அவரோ, மகள் முதல்முறையாகத் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பூட்டுக்கடைக்காரன் தன் கடைச்சாவியையே தொலைத்துவிட்டு நடுரோட்டில் பஸ்ஸை மறித்த கதையை ஆரம்பித்தார்.

"கதை வேணாம்ப்பா. கடை பேரு மட்டும் சொல்லு."

அவர் சொன்னார்.

பிறகு அவருக்கு இடது பக்கம் திரும்பக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். அவள் சத்தமில்லாமல் கட்டிலின் இடது பக்கம் வந்து நிற்பாள். அவராகத் தேடித் திரும்ப வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. சொல்லிக்கொடுத்தால் மனம் சோம்பேறியாகிவிடும். அம்மாவுக்குத்தான் பொறுக்காது. "இந்தா நிக்கிறாளே!" என்று உளறிவிடுவாள்.

"போச்சு, கெடுத்துட்டியே! இத்தனை நாள் உழைப்பும்மா!"

படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அம்மா பழகிக்கொண்டாள். மகள் உதட்டில் விரல் வைத்தால் வாயை மூடிக்கொள்வாள். நேற்று மாலை அவர் தேடி, தயங்கி, கழுத்தைத் திருப்பி மகளைப் பார்த்துவிட்டார். "புடிச்சிட்டேன் பாத்தியா, டாக்டரம்மா!" என்று கைதட்டப் போனார். ஒரு கைதான் எழும்பியது.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தேறிவருகிறார் என்றே நம்பியிருந்தாள். இன்று காலை அவர் எழுந்திருக்காததை இருவரும் களைப்பு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அம்மா வலது பக்கம் உட்கார்ந்து கரண்டியால் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். மகள் இடது பக்கம் வந்து நின்றாள்.

"பெரியவ வரலையா?" என்றார்.

அம்மா தலை நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். மகள் உதட்டில் விரல் வைத்தாள்.

நேற்றுத் திரும்பியவர் இன்றும் திரும்புவார். அவள் அவருடைய கழுத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள், முகத்தை அல்ல.

"அவ சாப்பிட்டாளா?" என்றார் வலது பக்கத்துக் கதவைப் பார்த்து. அங்கே யாரும் இல்லை.

கழுத்து அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அவர் மூச்சு நின்றது தெரியவில்லை. கரண்டித் தண்ணீர் கன்னத்தில் வழிந்தபோது அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்தது.

சவரம் முடிந்தது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு மகள் சமையலறைக்குப் போனாள். அம்மா வந்தவர்களுக்கு டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா எல்லார்கிட்டயும் பொய் சொல்ற? எனக்காக நீ ஒண்ணும் மறைக்க வேணாம்."

அம்மா வடிகட்டியைத் தட்டினாள்.

"உனக்காகன்னு யாரு சொன்னா?"

மகளுக்கு விளங்கவில்லை.

"அவரு கேட்டது என்னைத்தானே. நீ விரலை வச்சே, சரி. என் வாயை யாரும் தைக்கலையே. இங்கதான் இருக்கான்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? இத்தனை வருஷம் கூட இருந்தவ, மனுசன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம உக்காந்திருந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "அதை எப்படி நான் வெளியில சொல்லுவேன்?"

டம்ளர்கள் நிறைந்தன. ஒன்று விளிம்பு தாண்டி வழிந்தது. இருவரும் துடைக்கவில்லை. அன்று அதுவரை தன் குற்றத்தைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததற்காகவும் அவளுக்கு இப்போது முகம் எரிந்தது.

வெளியே ஒரு பெரிய குரல் கேட்டது. கண்டக்டர் வந்துவிட்டார். அப்பாவோடு ஒரே வண்டியில் காலம் தள்ளியவர். நேரே உள்ளே வந்து கட்டிலருகே நின்றார்.

"என்ன டிரைவரே, நான் விசில் குடுக்கறதுக்கு முன்னாடியே வண்டியை எடுத்துட்டீரே. இது எந்த ரூல்ஸ்லய்யா இருக்கு?"

பதில் வராத இடத்தில் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீத்தட்டோடு வந்து நின்ற அம்மா பக்கம் திரும்பினார்.

"கடைசியில கஷ்டப்பட்டாரா தங்கச்சி? பொண்ணு கூட இருந்துச்சா?"

அம்மா தட்டை இன்னும் கையில் பிடித்திருந்தாள். "அவ மருந்து வாங்க..."

"இல்ல மாமா," என்றாள் பின்னாலேயே வந்த மகள். "இங்கதான் இருந்தேன். இந்தப் பக்கம் நின்னேன். நான் வந்துட்டேனான்னு கேட்டாரு. பேசாம நின்னேன்."

வாசற்படியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"அம்மா சொல்லத்தான் வந்தாங்க. நான்தான் விரலைக் காட்டித் தடுத்துட்டேன்."

"ஏம்மா?" கண்டக்டரின் குரலில் கோபம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"அவரே திரும்பிப் பாக்கணும்னு."

அவர் கட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பாத்தாரா?"

"இல்ல."

கண்டக்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டு தன் கைவிரல்களைப் பார்த்தாள். யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, காலையிலிருந்து மடக்கியே வைத்திருந்த கால்களை நீட்டிக்கொண்டாள்.

மகள் அவர்களைக் கடந்து வாசலுக்குப் போனாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. வந்தவர்களின் செருப்புகள் வெளியில் நனைந்துகொண்டிருந்தன. குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைக்கத் தொடங்கினாள்.