மேல் தாள்

தெருமுனையில் சாராயக்கடை வரப்போகிறது என்று காதில் விழுந்ததும் முதலில் கிளம்பியவள் அமுதம்தான். காரைக்காலில் அது எழுபத்தெட்டாம் வருஷம். அரிசி மில் வேலை முடிந்த கையோடு பதினோரு நாள் வீடு வீடாக ஏறி, கடை வேண்டாமென்று நூற்று நாற்பது பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினாள். தெருச் சங்கத்தின் செயலாளர் சிவசுப்பிரமணியன் வாத்தியார். "மேல் தாளை மட்டும் டைப் அடிச்சு வச்சு நானே குடுத்துடுறேம்மா" என்று அவர் சொன்னதை நம்பி எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தாள்.

ஒரு மாதத்தில் கடைக்குக் கீற்று வேய்ந்தார்கள். அமுதம் கலால் அலுவலகத்துக்கு ஓடினாள். குமாஸ்தா மனுவை எடுத்துக் காட்டினார்.

"ஆட்சேபணை இல்லைன்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்திருக்கீங்க?"

கையெழுத்துகள் அவள் வாங்கியவைதான். மேல் தாளில் மட்டும் வேறு சங்கதி இருந்தது.

நேரே வாத்தியார் வீட்டுக்குப் போனாள். "ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கடையை ஏலம் எடுத்தது என் மச்சினன். வீட்டுல அழுதா. நான் என்னம்மா பண்றது?"

"என் முகத்துக்காகத்தானே அத்தனை பேரும் கைநாட்டு வச்சாங்க?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அமுதம் மறுபடியும் வீடு வீடாக ஏறி, நடந்ததைச் சொன்னாள். எல்லோரும் வாத்தியாரைத் திட்டினார்கள். சாராயத்துக்குப் புருஷனைப் பறிகொடுத்த பூவாயி மட்டும், "நீயும் கூட்டாடி?" என்று கேட்டாள். அமுதம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.