முன்பாரம்

“அந்தப் பென்சிலை எடுத்துடும்மா. போற இடத்துக்கு அது எதுக்கு?” என்றார் அண்ணன்.

கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்த தம்பி மனைவி நிமிரவில்லை. “இருந்துட்டுப் போகட்டும் அத்தான். அது இல்லாம பார்த்தா யாரோ மாதிரி இருக்கு.”

கூடத்தின் நடுவே தம்பி படுத்திருந்தான். சட்டைப்பையில் பென்சில், கூர் மேலே பார்க்க நின்றது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் வைத்துக்கொள்வான். கூர் கீழே இருந்தால் பை ஓட்டையாகிவிடுமாம்.

அண்ணனின் சட்டைகளில் பை கிடையாது. நீதிபதியாக இருந்த காலம் முழுக்கப் பை வைத்துச் சட்டை தைத்துக்கொண்டதில்லை. தையல்காரர் மறந்துபோய் வைத்துவிட்டால் பிரித்துத் தரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். “பை இருந்தாத்தானே எவனாவது எதையாவது போடுவான்” என்பார். ஓய்வுபெற்ற பிறகு எவனும் எதையும் போட வரவில்லை என்றாலும் பழக்கத்தை விடவில்லை. எந்தச் சபையில் உட்கார்ந்தாலும் முதுகு நாற்காலியில் படாது. இன்றும் படவில்லை. வருகிறவர்களை எழுந்து வரவேற்பதும், யார் எங்கே உட்காருவது என்று கண்ணால் காட்டுவதும், சத்தமாகப் பேசுகிறவர்களை ஒரு பார்வையில் அடக்குவதுமாக, வீட்டின் மரியாதை சிந்திவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி வேறு ரகம். வாலை முன்னால் வைத்து விமானம் வரைகிறவன். வாலே இல்லாத விமானம், இறக்கை நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிய விமானம், விசிறி பின்னால் சுற்றுகிற விமானம் என்று யார் எந்தக் கோணங்கி வேலை செய்தாலும், படத்தைச் சுருட்டிக்கொண்டு கடைசியில் இவன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத்தான் வருவார்கள். பறக்குமா பறக்காதா என்று இவன் சொல்ல வேண்டும்.

அதில் அண்ணனுக்குப் பெருமைதான். வயிற்றெரிச்சல் எல்லாம் அவன் கூலி பேசுகிற விதத்தில். வந்தவர் படச்சுருளை மேசைமேல் வைத்ததும் அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொள்வான். தொகையைச் சொல்வான். பிறகு வாயே திறக்க மாட்டான். எதிரே இருப்பவர் நெளிவார், சிரிப்பார், குறைத்துக் கேட்பார். இவன் சிலை. அவர் சம்மதித்ததும் சுருளின் வெளிமூலையில் தொகையைப் பென்சிலால் எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பிரிப்பான். அந்த நேரங்களில் அண்ணன் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

“கூச்சமா இல்லையாடா? வீட்டுக்கு வந்தவன்கிட்ட, சோறு திங்கற மேசையில உட்கார்ந்துகிட்டு?”

“நீ தீர்ப்பு சொல்றதுக்குச் சம்பளம் வாங்கலையா, கோர்ட்டு?” அண்ணனை அவன் வம்புக்கு இழுக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவான்.

“அது அரசாங்கம் குடுத்தது.”

“எனக்கும் குடுக்கச் சொல்லு, வாங்கிக்கறேன்.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்வான்: “பறக்கும்னாலும் அதே தொகை, பறக்காதுன்னாலும் அதே தொகை. சும்மா சொன்னா அது ஆறுதல்ணா. காசு வாங்கிட்டுச் சொன்னாத்தான் அவனுக்குச் சங்கடம். சங்கடப்பட்டாத்தான் படத்தை மாத்துவான்.”

அண்ணனுக்கு அது வியாபாரி பேச்சாகத்தான் பட்டது.

போன வாரம் தம்பி படுக்கையில் கிடந்தபோது ஒரு கம்பெனி முதலாளி சுருளோடு வந்தார். வால் முன்னால் உள்ள சின்ன மின்விமானம். தம்பி மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து, சுருள்மேல் கையை வைத்தான். தொகையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் குறுக்கே புகுந்தார். “படுத்த படுக்கையா இருக்கிறவன் உங்ககிட்டக் கூலி பேசணுமா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்ல. சும்மாவே பார்த்துச் சொல்லுவான், வெச்சுட்டுப் போங்க.”

முதலாளி கும்பிட்டுவிட்டுப் போனார். தம்பி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கெடுத்துட்டியே அண்ணா.”

இருந்தும் பார்த்தான். இரண்டு நாள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் குறித்தான். பிறகு தலைமாட்டில் இருந்த அட்டை விமானம் ஒன்றை எடுத்து, மனைவியின் கொண்டை ஊசியை அதன் மூக்கில் செருகி அறைக்குள் விட்டான். கொஞ்ச தூரம் போய் வேகம் குறைந்ததும் அது தானாக மூக்கைக் குனிந்து, வேகம் பிடித்து, வழுக்கிக்கொண்டு போய்க் கதவடியில் இறங்கியது. அண்ணனை எடுத்துவரச் சொல்லி, ஊசியைப் பின்னால் மாற்றிச் செருகி மறுபடி விட்டான். இந்தத் தடவை மூக்கு நிமிர்ந்தது. நிமிர்ந்துகொண்டே போய், நடு அறையில் ஒரு கணம் நின்று, பின்புறமாகக் கட்டில் காலடியில் விழுந்தது.

“இன்னொரு ஆள் உட்கார முன்னால இடம் வேணும்னு பேட்டரியைப் பின்னால தள்ளிட்டாங்க. முன்பாரம் இருந்தா, தடுமாறும்போது தானா குனியும். குனிஞ்சா பிழைச்சுக்கும். பாரம் பின்னால போச்சுன்னா நிமிர்ந்துகிட்டே நிக்கும், அப்புறம் கீழதான்.” இருமலுக்கு நடுவே சிரித்தான். “உன்ன மாதிரி.”

முதலாளிக்குப் போன் போட்டு அதையே சொன்னான். “ரொம்ப நன்றி சார், நீங்க மொதல்ல உடம்பைப் பாத்துக்கோங்க” என்று அந்தப் பக்கம் சொன்னது அண்ணனுக்கும் கேட்டது. படச்சுருளை வாங்கிப்போக யாரும் வரவில்லை. நேற்று தம்பி போய்விட்டான்.

மதியத்துக்குச் சற்று முன்பு முதலாளி பெரிய மலர் வளையத்தோடு வந்தார். கூடவே குட்டையாக முடி வெட்டிய ஒரு பெண். வளையத்தைக் காலடியில் வைத்துவிட்டு அண்ணனிடம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“இவங்கதான் எங்க விமானி. நாளைக்குக் காலையில முதல் தடவையா பறக்கப்போகுதுங்கய்யா. ராத்திரியோட ராத்திரியா மூக்குல தம்பி சார் பேரை எழுதச் சொல்லிட்டேன். இனி அது அவர் பேர்லதான் பறக்கும்.”

அண்ணன் கூடத்தின் நடுவே படுத்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தார். வாலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாதவன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்த பெயர், வானத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றுவிட்ட தங்கை அதைக் கேட்டு, அடுத்தவள் காதில் ஓதினாள். செய்தி வரிசையாகப் போயிற்று.

“பேட்டரியை முன்னால மாத்தியாச்சா?” என்று கேட்டார் அண்ணன்.

முதலாளி விமானியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அது வந்துங்கய்யா... சார் உடம்பு முடியாத நேரத்துல அன்பா ஒரு வார்த்தை சொன்னார். கூலி பேசி, அவர் கையெழுத்தோட வந்திருந்தா கம்பெனி போர்டு மீட்டிங்ல வெச்சே ஆகணும், பதில் எழுதாம நகர முடியாது. இது வாய்வார்த்தைதானே. எங்க பசங்க கணக்குப்படி தாராளமாப் பறக்கும்.”

“என்ன வார்த்தை?” என்றாள் விமானி. “எனக்கு யாரும் சொல்லலையே.”

“பெருசா ஒண்ணும் இல்லம்மா.”

கட்டில் காலடியில் விழுந்த அட்டை விமானம் அண்ணனின் கண்முன் வந்தது. இங்கேயே உரக்கச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? தம்பியைப் பறிகொடுத்த கிழவர் பயப்படுகிறார் என்று தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். அதுவும் ஆறுதலாகத்தான் போகும்.

எழுந்தார். உள்ளறைக்குப் போய்ச் சுருளை எடுத்துவந்து, தம்பியின் தலைமாட்டுப் பக்கம் இருந்த சின்ன மேசைமேல் வைத்து, உள்ளங்கையை அழுத்திக்கொண்டார். தொகையைச் சொன்னார். தம்பி வழக்கமாக வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு.

கூடத்தில் தலைகள் திரும்பின.

“என்னங்கய்யா?” என்றார் முதலாளி.

அண்ணன் திரும்பச் சொல்லவில்லை.

“நீங்கதானே சும்மாவே பார்ப்பான்னு சொன்னீங்க?”

“நான் சொன்னது தப்பு. அவன் வழக்கம்தான் சரி.”

“இன்னும் எடுக்கக்கூட இல்ல, அதுக்குள்ள பேரம்” என்று ஒன்றுவிட்ட தங்கை கிசுகிசுப்பது தெளிவாகவே கேட்டது. “கையை நீட்டாத பரம்பரைன்னு இத்தனை நாள் மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?” யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். அண்ணனின் காதுமடல் சூடேறியது. கை சுருளைவிட்டு நகரவில்லை. தம்பி மனைவி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அழுது வீங்கிய அந்த முகத்தில், அவளுக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது.

“நாளைக்கு ஆபீஸ்ல வெச்சுப் பேசிக்கலாமேங்கய்யா. இந்த இடத்துல போய்...” என்றார் முதலாளி. சற்று நேரம் கழித்து, “சரி, சாதாரணமா அவர் வாங்குறதை வெச்சுக்குங்க” என்றார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. தம்பி எப்படித்தான் இவ்வளவு நேரம் பேசாமல் தாங்கினானோ.

“ஒத்துக்குங்க சார்” என்றாள் விமானி. “அதுல உட்காரப் போறது நான்.”

“ஒத்துக்கிட்டா நாளைக்குப் பறக்க முடியாதும்மா. தெரிஞ்சுதான் பேசறியா?”

“தெரிஞ்சுதான்.”

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார்.

எழுத எதுவும் அகப்படவில்லை. தங்கப்பேனாவை நீட்டினார் முதலாளி. அண்ணன் அதை வாங்காமல், தம்பியின்மேல் குனிந்து, அவன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சுருளின் வெளிமூலையில் தொகையை எழுதினார். இலக்கங்கள் கோணிக்கொண்டன. முதலாளி கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகே அண்ணன் சுருளைப் பிரித்தார். பேட்டரி இருந்த கட்டம் ஏற்கெனவே அடிக்கப்பட்டு, மூக்கை நோக்கி ஓர் அம்புக்குறி. அதனடியில் தம்பியின் பொடி எழுத்தில் கணக்குகள், கடைசியில் அவன் கையெழுத்து. விமானி மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றி வெகுநேரம் பார்த்தாள். முதலாளி செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். “நாளைக்கு வேணாம்ப்பா. சொல்றேன், விமானத்தை வெளியே எடுக்காதே” என்ற குரல் உள்ளே வந்தது.

“வண்டி வந்துடுச்சு அத்தான்” என்றாள் தம்பி மனைவி.

தூக்குகிறவர்கள் உள்ளே வந்து நின்றார்கள். கூடத்தில் இருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். யாரும் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. பென்சில் இன்னும் அவர் கையில் இருந்தது. அதை வைக்க நெஞ்சுப்பக்கம் கொண்டுபோனார். விரல்கள் வெறும் துணியைத் தடவின.

தம்பியின்மேல் குனிந்தார். கூர் மேலே பார்க்கப் பென்சிலை அவன் பையில் செருகி, லேசாகத் தட்டிவிட்டார். தூக்குகிறவர்கள் காத்திருந்தார்கள். அவர் நிமிரவில்லை.