நசுங்கல் எடுத்த ஃபில்டர்

வலது கையில் மாவுக்கட்டோடு அண்ணன் முதல் மேஜையில் வாடிக்கையாளரைப் போல உட்கார்ந்திருந்தான். படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அந்தச் சின்னக் கடையில் பதினோரு வருஷமாக டிகாஷன் போட்டது அவன்தான். தங்கைக்குப் பரிமாறும் வேலை. அடுப்படியைக் கொடு என்று அவள் கேட்காத நாளில்லை. இன்றைக்குத் தருவதாக நேற்று ஒப்புக்கொண்டிருந்தான், ஒரு நிபந்தனையோடு. ஏழு மணிக்குள் முதல் காபி மேஜைக்கு வராவிட்டால், கட்டுப் பிரிக்கும்வரை கடைக்குப் பூட்டு.

மணி ஆறு முப்பத்தைந்து.

ஃபில்டர் என்பது ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் இரண்டு பாத்திரங்கள்தான். மேல் பாத்திரத்தின் அடியில் ஊசித் துளைகள். அதில் தூளைப் போட்டு, லேசாக அமுக்கி, கொதிநீரை ஊற்றினால், நீர் தூளுக்குள் நிதானமாக இறங்கி, சாரத்தை எடுத்துக்கொண்டு கீழே சொட்டும். அவசரப்படுத்தினால் நீர்த்துப்போகும். ஆனால் நின்றுபோகக் கூடாது.

இன்று நின்றுபோயிருந்தது. ஆறு பத்துக்கு ஊற்றியது. முதலில் கேட்ட சொட்டுச் சத்தம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

"தூளை இறுக்கி அமுக்கியிருப்ப" என்றான் அண்ணன், இருந்த இடத்திலிருந்தே.

"நீ அமுக்குற மாதிரி ரெண்டு விரலாலதான்ணே அமுக்கினேன்."

அடுத்த மேஜைத் தையல்காரர், எப்போதும் பாதிச் சர்க்கரை கேட்டுக் கேட்டே அரைச்சர்க்கரை என்று பெயர் வாங்கியவர், வெந்நீர் கொடுத்தால்கூடக் காபி என்று நினைத்துக் குடித்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க மேல் பாத்திரத்தைத் தூக்கினாள். 'புஸ்' என்று ஒரு சத்தம். உடனே சொட்டத் தொடங்கியது. திரும்ப வைத்தாள், நாலு சொட்டில் நின்றது. மறுபடி தூக்கினாள். சொட்டியது.

கீழ்ப் பாத்திரத்தின் விளிம்பைப் பார்த்தாள். கடை திறந்த முதல் மாதம் அண்ணன் கைதவறிப் போட்டதில் அங்கே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருந்தது. அடுப்படியில் தன் முதல் நாள் அழகாக இருக்கட்டும் என்று நேற்றுத்தான் பாத்திரக்காரரிடம் கொடுத்து, அதைத் தட்டி நேராக்கி, பளபளவென்று தேய்த்து வாங்கி வந்திருந்தாள். இப்போது இரண்டு பாத்திரங்களும் கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் பொருந்தியிருந்தன. இருந்த கொஞ்சநஞ்சத்தையும் விளிம்பில் வழிந்த ஈரம் அடைத்துவிட்டது. கீழே காலியாகத் தெரிவது காலியல்ல, அங்கே காற்று இருக்கிறது. அது வெளியே போனால்தான் சொட்டுக்கு இடம். இத்தனை வருஷம் அந்தக் காற்று நசுங்கல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஸ்பூனின் காம்பை இரண்டுக்கும் நடுவே செருகினாள். சொட்டு, சொட்டு, சொட்டு.

டிகாஷன் ஆறியிருந்தது. நேரே அடுப்பில் வைத்தால் கசந்துவிடும். அதனால் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கிண்ணத்தைக் கொதிநீரில் நிறுத்தினாள். பாலைப் பொங்கவைத்து, கலந்து, டபராவுக்கும் டம்ளருக்குமாக இரண்டு முறை உயர்த்தி ஆற்றினாள். அண்ணன் முன்னால் கொண்டுவந்து வைத்தபோது ஏழடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது.

இடது கையால் எடுத்து ஒரு வாய் குடித்தான். பிறகு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அந்த ஸ்பூன் எதுக்குடி அங்க?"

சொன்னாள்.

"அப்போ இவ்வளவு நாளா என் டிகாஷனை எல்லாரும் புகழ்ந்தது?"

"பாதி உன் கைப்பக்குவம். மீதி, நீ கீழ போட்டது."

அரைச்சர்க்கரைக்குச் சிரிப்பில் புரையேறியது. அண்ணன் சிரிக்கவில்லை. டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தான்.

"கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகுமாம்."

"தெரியும்."

எழுந்து அடுப்படி வாசல்வரை போனான். உள்ளே நுழையவில்லை. இடது கையை நீட்டி, "அவருக்கு அரைச் சர்க்கரை. போட்டுக் குடு, நான் கொண்டுபோய் வைக்கிறேன்" என்றான்.